வாளுக்குப் போட்ட புளி

பயம் எனக்குப் பிறவிக் குணம். தபால்காரர் கடிதம் கொண்டுவந்தால் என்ன செய்தியோ என்று பயம். கொண்டுவராமல் போனால் ஏன் வரவில்லை என்று பயம். "உமக்குப் பயப்பிட ஒண்டும் இல்லாட்டில், ஏன் ஒண்டும் இல்லையெண்டு பயப்பிடுவீர்" என்று என்னைக் கட்டிய என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். அவருக்குப் பயமே கிடையாது. ஒரு வீட்டில் ஒருவர் பயப்படாவிட்டால் அவருடைய பங்கையும் மற்றவர்தானே சுமக்க வேண்டும். எண்பதுகளின் நடுவில், ஆக்லாந்தில், ஒனிஹங்காவில் ஒரு பின்வீட்டில் வாடகைக்கு இருந்த நாட்களில் நான் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

அந்தக் காலத்துப் பயத்துக்கு ஒரு முகம் இருந்தது. என் தம்பியின் முகம். அவன் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் கிடந்தான். எண்பத்துமூன்று யூலைக் கலவரத்தில், தமிழரைத் தேடித் தெருவில் கத்தியும் வாளுமாக வந்தவர்களிடமிருந்து, பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் குளியலறைக்குள் ஒளிந்திருந்து தப்பியவன். அதற்குப் பிறகு கொழும்பிலும் நிம்மதியாக இருக்க முடியவில்லை, யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போகவும் முடியவில்லை. அங்கே அவன் வயதுப் பொடியன்களை ஆமி பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. எப்படியாவது அவனை இங்கே எடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே இருக்கவில்லை.

நாங்களே இந்த நாட்டுக்குப் புதிது. எங்கள் வாக்குக்குப் பாரம் போதாது. விசாவுக்கு எழுதிப்போட்ட பிறகு, இமிக்ரேஷன் ஆபிஸில் ஒரு பெண் எங்கள் மேல் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னாள். இந்த நாட்டுக்காரர் ஒருவர் நேரில் வந்து, "இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும், வருகிற பையனுக்கு இருக்க இடம் நான் தருகிறேன்" என்று சொன்னால் நல்லது என்றாள். எங்களுக்குத் தெரிந்த நாட்டுக்காரர் ஒரேயொருவர்தான். முன்வீட்டில் இருந்த எங்கள் வீட்டுச் சொந்தக்காரர்.

அவர் எழுபதை நெருங்கிய மனுசன். மனைவி இறந்து கனகாலம். இளம் வயதில் பட்டாளத்தில் இருந்து, உலக யுத்தம் முடிந்த கையோடு ஜப்பானுக்குப் போய் ஒரு வருடம் போல் இருந்துவிட்டு வந்தவர். கதைப்பது குறைவு. முற்றத்து எலுமிச்சை மரத்தில் தேசிக்காய் பழுத்தால் ஒரு வாளி நிறையப் பிடுங்கி எங்கள் படியில் வைத்துவிட்டுத் தட்டாமலே போய்விடுவார். தம்பியின் விஷயத்தை நான் தட்டுத்தடுமாறிச் சொன்னபோது, கராஜுக்குப் பின்னால் சும்மா கிடந்த ஸ்லீப்-அவுட் அறையைக் கையால் காட்டினார். "பையன் அங்கே இருக்கட்டும். நான் வந்து அவர்களிடம் சொல்கிறேன், டியர்" என்றார். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் நான் பிறகு நித்திரை கொண்டேன்.

ஆனால் நல்லது நடக்கப் போகிறதென்றால் நடுவில் ஒன்று வர வேண்டுமே. அவருடைய இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். இமிக்ரேஷன் ஆபிஸில் எங்களுக்குக் கொடுத்திருந்த நாள் அதற்குப் பிறகுதான் வந்தது என்றாலும், மனுசன் எழுந்து நடப்பாரா, நடந்தாலும் வருவாரா, வந்தாலும் ஞாபகம் இருக்குமா என்று நான் வரிசையாகப் பயந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல்நாள் பின்னேரம் அவர் பொல்லை ஊன்றிக்கொண்டு முற்றத்தைக் கடந்து வந்தார். மற்றக் கையில் சாம்பல் நிறப் போர்வையால் சுற்றிய நீளமான ஒரு பொருள் இருந்தது. எங்கள் தெருவில் அந்த மாதம் வீடு உடைத்துக் களவு போய்க்கொண்டிருந்தது. ஆளில்லாத வீட்டில் இதை விட்டுப் போக மனமில்லை, நீங்கள் வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். மேசையில் வைத்துப் போர்வையை விலக்கினார். கறுத்த அரக்குப் பூசிய உறைக்குள் ஒரு ஜப்பான் வாள்.

நான் மேசையை விட்டு ஓரடி பின்னால் போனேன். அவர் என் முகத்தைக் கவனிக்காமல் தன் பாட்டில் சொல்லிக்கொண்டு போனார். சண்டை முடிந்த பிறகு அங்கே ஊர் ஊராக வாள்களைச் சேர்த்துக் குவித்து உடைத்தார்களாம். ஒரு வயதான வாத்தியார் தன் குடும்பத்து வாளைக் கொண்டுவந்து, குவியலில் போடாமல் இவருடைய கையில் வைத்தாராம். இருவருக்கும் பாஷை தெரியாது. அந்த வாத்தியார் அலகைக் காட்டி, விரலைக் காட்டி, 'கூடாது' என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாராம். "அவர் எனக்குச் சொன்னது அது ஒன்றுதான். நானும் உங்களுக்கு அதை மட்டும்தான் சொல்கிறேன். அலகைத் தொடாதீர்கள்" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஸ்லீப்-அவுட் தருகிற மனுசன் ஒரு புலியைக் கொண்டுவந்து கட்டிவைத்துவிட்டுப் போனாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பேன்.

என் வீட்டுக்காரர் மங்கரேயில், விமான நிலையத்துச் சரக்குக் கொட்டிலில் வேலை. அவர் வந்ததும் வாசலிலேயே சொன்னேன்.

"இஞ்சருங்கோ, முன்வீட்டு மனுசன் தன்ர வாளைத் தந்திட்டுப் போட்டார்."

"நல்லதாப் போச்சு. அந்த இறுகிற குசினிக் கதவை அரிஞ்சு சரிப்படுத்த ஒரு வாள் தேடிக்கொண்டெல்லோ திரியிறன்" என்றார்.

எங்கள் ஊரில் வாள் என்றால் மரம் அரிகிற வாள்தான். சண்டைக்கு எடுக்கிற வாளைக் கோயில் சூரன்போரில் சூரனின் கையில் பார்த்ததோடு சரி. போர்வையை விலக்கிப் பார்த்தவர் வாயைப் பிளந்தார். ஊரில் ஒரு ஆலையில் இயந்திரம் பூட்டுகிற பிற்றராக இருந்தவர் அவர். இரும்பைக் கண்டால் அவருக்குக் கைகள் சும்மா இருக்காது. அலகைத் தொடக்கூடாது என்று நான் மூன்றுதரம் சொன்ன பிறகு, உறையை விட்டு எடுக்காமலே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பார்க்கப் பார்க்க அதில் வேலைப்பாடு வந்துகொண்டே இருந்தது. கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில், கை வழுக்கி வெட்டுப்படாமல் காக்க ஒரு வட்ட இரும்புத் தகடு. அதில் ஒரு நண்டு, கால்களை விரித்து, கல்லில் ஏறுகிற மாதிரிச் செதுக்கியிருந்தது. கைப்பிடியைச் சுற்றிய பட்டு நூல் கட்டுக்கு உள்ளே, இரண்டு பக்கமும் விரல் நுனியளவு இறால். கைப்பிடியின் தொடக்கத்தில் ஒரு வளையம், முடிவில் மூடி மாதிரி ஒரு குப்பி. இரண்டிலும் மெல்லிய பொன் கோட்டில் கடல் அலை. "இது வாளோ, மீன்சந்தையோ?" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு சூள் கொட்டினார். "பாவம், கவனிக்க ஆளில்லை. எல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கு."

உண்மைதான். நண்டுத் தகடு கறுத்த மண்ணிறமாக இருந்தது. வளையமும் குப்பியும் காகத்தின் சிறகு வெயிலில் தெரிகிற மாதிரிக் கறுப்பில் நீலம். மனைவி இல்லாத வீடு, யார் துலக்குவது என்று நானும் நினைத்தேன்.

வாளை அலுமாரிக்கு மேலே வைத்தோம். எனக்கோ அது தலைக்கு மேலேயே தொங்குவது போல இருந்தது. பொலிஸ் வந்து கேட்டால் என்ன சொல்வது? வீட்டில் ஆயுதம் வைத்திருக்கிற குடும்பத்துக்கு எவன் விசா கொடுப்பான்? களவு போனால் மனுசனின் முகத்தில் எப்படி முழிப்பது? இதெல்லாம் சொல்லக்கூடிய பயங்கள். சொல்ல முடியாத பயம் ஒன்று இருந்தது. தம்பி ஒளிந்திருந்த குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றவர்களின் கையிலும் இதுமாதிரி ஒன்றுதானே இருந்திருக்கும். அலுமாரிப் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்தாலும் நித்திரை வரவில்லை.

என் நிலையைப் பார்த்து வீட்டுக்காரருக்கே மனம் பொறுக்கவில்லை. "உது ஆயுதம்தானே. ஆயுத பூசையும் வருது. பூ வைச்சுக் கும்பிட்டால் சாமியாப் போயிடும். சாமிக்கு ஆரும் பயப்பிடுறதோ?" என்றார். கோயில் இல்லாத ஊரில், இங்கே வந்த நாளிலிருந்து அவர் தன் ஸ்பானர்களையும் சுத்தியலையும் ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கி வைத்து அந்த நாளைத் தவறாமல் செய்கிறவர். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அப்போது நான் நியூ லின்னில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அன்றைக்கு வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து கதவைத் திறந்தால், வீடு முழுக்கப் புளி மணம். குசினி மேசையில் வெள்ளைத் துணி. ஸ்பானர், சுத்தியல், என் தையல் கத்தரிக்கோல், நடுவில் வாள். வாளின் உறையும் நூல் கட்டும் அப்படியே இருந்தன. ஆனால் நண்டு, புதிதாக வாங்கிய தாச்சிச் சட்டி மாதிரி வெள்ளையாகப் பளபளத்தது. வளையமும் குப்பியும் கும்பம் வைக்கிற செம்புக் குடத்தின் நிறத்தில் சிவந்து மின்னின.

"பாத்தீரோ? கறிக்கே கிள்ளிக் கிள்ளிப் போடுற புளியில பாதி முடிஞ்சு போச்சு. புளியும் உப்பும் போட்டு, பழைய பல் பிரஷால மூலைமூலையாத் தேய்ச்சன். அலகில கை வைக்கேல்லை. உறையை விட்டு வெளியில எடுக்கவுமில்லை" என்றார். அவர் முகமும் நண்டைப்போலவே பளபளத்தது.

நான் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரவல் வாங்கிய பாத்திரத்தை அழுக்கோடு திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அரிசி அளந்து வாங்கிய சுண்டுப் பேணியைக்கூடக் கழுவித் துடைத்து, உள்ளே இரண்டு மிளகாயாவது போட்டுத்தான் கொடுப்போம். இவ்வளவு பெரிய உதவி செய்யப் போகிற மனுசனுக்கு நாங்கள் செய்யக்கூடியது இதுதானே. வேலியில் மல்லிகை பூத்துக் கிடந்தது. இந்த ஊரில் அதைக் களை என்று வெட்டி எறிகிறார்கள். ஒரு கை ஆய்ந்து வந்து நண்டின் மேல் வைத்தேன். வீட்டுக்காரர் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அவலும் கடலையும் படைத்துத் தேவாரம் பாடினோம். அன்றைக்கு இரவு, வாள் வீட்டுக்குள் வந்த பிறகு முதல்முறையாக நான் அயர்ந்து தூங்கினேன்.

விடிய எழுந்து பூவை எடுக்கப் போனேன். மல்லிகைக்குக் கீழே நண்டு செம்மஞ்சளாகக் கிடந்தது. குங்குமம் கரைந்து பரவியதாக்கும் என்று விரலால் தொட்டேன். விரலில் ஒட்டியது குங்குமம் இல்லை. துரு. ஒரே இரவில் நண்டின் முதுகு, கால், கொடுக்கு எல்லாம் துருப்பிடித்திருந்தது.

வயிற்றில் புளியைக் கரைத்தது என்று எத்தனையோ தரம் வாயால் சொல்லியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்காரர் எண்ணெய் போட்டுத் துடைத்தார். துரு போனது. கீழே இரும்பு வெளிறிப்போய், அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளி புள்ளியாக இருந்தது. "எண்ணெய் பூசினால் சரி. ஏன் இப்பிடி நடுங்குறீர்?" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. சுகமில்லை என்று தொழிற்சாலைக்குப் பொய் சொல்லிவிட்டு லைப்ரரிக்குப் போனேன். ஜப்பான் வாள்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் இருந்தது. நண்டுத் தகடு மாதிரித் தகடுகளுக்கென்றே பாதிப் புத்தகம். கொக்கு, பிளம் பூ, அலை, நிலா, நாணல், தவளை. பக்கம் பக்கமாகத் திருப்பினேன். ஒன்றுகூட மினுங்கவில்லை. எல்லாம் கறுப்பு.

பிறகுதான் படங்களுக்குக் கீழே இருந்ததை வாசித்தேன். அந்தக் கறுப்பு அழுக்கில்லை. அதைச் செய்தவன் வேண்டுமென்றே, சாறுகளில் அவித்துப் பக்குவம் பார்த்து வரவைத்த நிறம். இரும்பில் ஒரு விதமான கறுப்பு, பொன் கலந்த செம்பில் இன்னொரு விதமான கறுப்பு. வேலைப்பாட்டில் பாதி அந்த நிறம்தானாம். ஒருபோதும் துலக்கக்கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். துலக்கிவிட்டால் என்ன செய்வது என்று தேடினேன். பருத்தித் துணியாலும் கையாலும் நாளாந்தம் தேய்த்து வந்தால் இரும்பில் மட்டும் நிறம் திரும்பினாலும் திரும்பலாம், நிச்சயமில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த 'நிச்சயமில்லை' என்ற சொல்லில் என் கண் குத்திட்டு நின்றது. வேறொன்றும் தெரியவில்லை.

பின்னேரம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். புத்தகத்தில் அந்தத் தகட்டுக்கு 'ட்சுபா' என்று பெயர் போட்டிருக்கிறது என்றேன்.

"சுபாவோ? ஊரில பாதிப் பெட்டையளுக்கு அந்தப் பேர்தானே."

"உங்களுக்குப் பகிடி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிஞ்சு நிக்கிறம். அந்த மனுசன் வரமாட்டனெண்டு சொன்னால் என்ர தம்பியின்ர கதி என்ன?"

அப்போதுதான் அவர் முகம் மாறியது. பகிடி விடுகிறவர்கள் சிரிப்பை நிறுத்தினால் வீடே இருண்டுபோகும். கொஞ்ச நேரம் நண்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "கறுப்பெண்டால் அழுக்கெண்டுதானே எங்களுக்குச் சொல்லித் தந்தவை" என்றார். பிறகு எழுந்து போய், சாமி விளக்கின் சுடரில் தட்டைப் பிடித்துக் கரி எடுத்து, நல்லெண்ணெயில் குழைத்துக் கண்மை மாதிரி நண்டுக்குப் பூசினார். பார்க்கப் பழையபடி கறுப்பாகத்தான் இருந்தது. எனக்கு ஒரு கணம் சபலம் தட்டியது. ஆனால் மனுசன் வந்ததும் முதல் வேலையாக அதைத் தொட்டுப் பார்ப்பார், அவர் விரலில் கரி ஒட்டும், அதற்குப் பிறகு நாங்கள் கெடுத்தவர்கள் மட்டுமில்லை, கள்ளரும்தான். துணியை எடுத்து நானே துடைத்துவிட்டேன். வீட்டுக்காரர் கரித் தட்டைக் கொண்டுபோய்க் கழுவினார்.

மனுசன் வீடு திரும்பிய அன்றைக்கு நான்தான் கொண்டுபோனேன். "நான்தானே செய்தனான், நான் வாறன்" என்று வீட்டுக்காரர் கிளம்பினார். அவர் வந்தால் எவ்வளவு கஷ்டப்பட்டு மினுக்கினோம் என்று விளக்கத் தொடங்கிவிடுவார் என்ற பயத்தில் நிறுத்திவிட்டேன். மனுசன் வெராந்தாவில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். போர்வைப் பொதியை மடியில் வைத்து, நாங்கள் பெரிய பிழை ஒன்று விட்டுவிட்டோம் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் போர்வையை விலக்கினார்.  கட்டைவிரலால் நண்டின் முதுகை மெல்லத் தடவினார். வளையத்தைத் தடவினார். பொன் அலைகள் சிவந்த செம்புக்குள் மறைந்து, அலை இருந்த இடமே தெரியவில்லை. அதுவரைக்கும் நான் அதைக் கவனித்திருக்கவில்லை. அவருடைய வாய் ஒரு பக்கம் இழுபட்டது. அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நண்டின் கொடுக்கு இடுக்கில் மஞ்சளாக ஒரு பொட்டு காய்ந்து கிடந்தது. "இது என்ன?" என்று கேட்டார்.

"சந்தனம்."

"எதற்கு?"

பூசை என்பதற்கு என்னிடம் இங்கிலீஷ் இருக்கவில்லை. கும்பிட்டோம் என்றேன். "இதையா கும்பிட்டீர்கள்?" என்று திரும்பக் கேட்டார். வருடத்தில் ஒருநாள் எங்கள் தொழில் சாமான்களைச் சுத்தமாக்கிப் பூ வைப்போம் என்று சொல்லப் போன நான், அதைச் சொல்லாமல், "எனக்கு இதைப் பார்க்கப் பயமாக இருந்தது" என்றேன். பிறகு எல்லாம் வந்துவிட்டது. யூலை, குளியலறை, கதவுக்கு வெளியே நின்றவர்கள், அலுமாரிக்கு முதுகைக் காட்டிப் படுத்தது, பூ வைத்த அன்றைக்குத் தூங்கியது, எல்லாம். தம்பியின் விசாவைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் அதைக் கேட்கிற முகம் எனக்கு இருக்கவில்லை.

அவர் போர்வையை எடுத்து வாளை மெல்ல மூடினார். "போய்வாருங்கள், டியர். நான் கொஞ்சம் தனியாக இருக்க வேண்டும்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல இனி ஒரு நாளும் எனக்கு வர வேண்டாம். தேசிக்காய் வாளி வரவில்லை. ஏலாத மனுசன், எப்படி மரத்தில் பிடுங்குவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பவில்லை. குசினி ஜன்னலால் பார்த்தால் முன்வீட்டு வெராந்தா தெரியும். ஒவ்வொரு பின்னேரமும் அவர் அங்கே உட்கார்ந்து, மடியில் வாளைப் போட்டு, ஒரு பழைய பனியன் துணியால் நண்டைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். தலை நிமிர மாட்டார். அந்தத் தேய்ப்பு ஒவ்வொன்றும் எனக்கு 'உன்னால்தான், உன்னால்தான்' என்று கேட்டது. புத்தகத்தில் வாசித்த அந்த ஒரு வரி அப்போது ஞாபகத்துக்கு வரவேயில்லை. கோபத்தை ஆறவிடாமல் தேய்த்துத் தேய்த்து வளர்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"நான் மினுக்கினது போதாதெண்டு இன்னும் மினுக்கப் பாக்கிறார் போல" என்று வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். நான் ஜன்னல் சீலையை இழுத்து மூடினேன்.

கொழும்பிலிருந்து தம்பியின் தொலைபேசி வந்தது. லொட்ஜில் மறுபடி பொலிஸ் சோதனை நடந்ததாகவும், கூட இருந்த ஒருவனைக் கொண்டுபோனதாகவும், தன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டதாகவும் சாதாரணமாகச் சொன்னான். "முன்வீட்டு ஐயா வாறார்தானே அக்கா?" என்று கேட்டான். "ஓம், வாறார்" என்றேன். போனை வைத்ததும் குசினித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கட்டி புளிக்காக என் தம்பியின் உயிர் போகப்போகிறதே என்று வாய்விட்டே அழுதேன்.

ஆபிஸுக்குப் போக வேண்டிய நாள் வந்தது. அவரைக் கூப்பிடுகிறதா விடுகிறதா என்று முதல்நாளிலிருந்து எங்களுக்குள் வாக்குவாதம். "போய்க் கதவைத் தட்டும். வாக்குத் தந்த மனுசன்" என்றார் வீட்டுக்காரர். "என்ன முகத்தோட தட்டுறது? நீங்கள் போங்கோ" என்றேன். "நான் போனால் வாற மனுசனும் வராது" என்றார். கடைசியில் இரண்டு பேருமே போகவில்லை. நாங்கள் மட்டும் போய்ச் சொல்லிப் பார்ப்போம், நடக்கிறது நடக்கட்டும் என்று சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

எங்கள் காரின் முன் சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். டை கட்டி, கோட் போட்டு, முழங்கால்களுக்கு நடுவில் பொல்லை நிறுத்தி வைத்திருந்தார். கதவைத் திறந்து ஏறுவதற்கு எவ்வளவு பாடுபட்டிருப்பாரோ தெரியாது. "நேரமாகிறது" என்றார். வழி முழுக்க அவர் பேசியது அது ஒன்றுதான். வீட்டுக்காரர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரிக் காரை ஓட்டினார். நான் பின் சீட்டில் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். வருவது பெரிதில்லை, வந்து என்ன சொல்லப் போகிறார் என்பதுதான் புதுப் பயம்.

கவுண்டரில் இருந்த அதிகாரி இளம் ஆள். ஸ்லீப்-அவுட்டைப் பற்றிக் கேட்டார். ஜன்னல் உண்டா, கரண்ட் உண்டா என்றெல்லாம். மனுசன் சுருக்கமாகப் பதில் சொன்னார். பிறகு அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இவர்களை உங்களுக்கு எவ்வளவு தெரியும்? நம்பக்கூடிய ஆட்களா?" என்று கேட்டார்.

மனுசன் பொல்லின் பிடியைக் கட்டைவிரலால் தடவினார். என் நெஞ்சு அடித்த அடி கவுண்டருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

"ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்னிடம் இருந்ததில் மிகப் பெறுமதியான சாமானை இவர்களிடம்தான் கொடுத்துவிட்டுப் போனேன்" என்றார். "ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம் என்று சொன்னேன். அதை இவர்கள் செய்யவில்லை." பொல்லை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "நான் கொடுத்ததைவிடச் சுத்தமாகத் திருப்பித் தந்தார்கள்."

அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். வீட்டுக்காரர் என் கையைச் சுரண்டி, "பாத்தீரோ, மனுசனுக்குப் பிடிச்சுத்தான் இருக்கு" என்று காதுக்குள் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திரும்பி வரும்போது, நீங்கள் அங்கே சொன்னது என்று தொடங்கி முடிக்க முடியாமல் திணறினேன். "நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே" என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி.

தம்பி வந்து சேர்ந்தபோது குளிர் தொடங்கியிருந்தது. மங்கரே விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்து, தோள் எலும்பு துருத்திக்கொண்டு அவன் வெளியே வந்ததை நான் இன்னும் கனவில் காண்கிறேன். ஸ்லீப்-அவுட்டில் விளக்கை அணைக்காமல்தான் படுப்பான். கரண்ட் வீணாகிறதே என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எரியட்டும்" என்றார். தம்பி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரத் தொடங்கினான். முன்வீட்டுப் புல்லை வெட்டினான், தெருமுனை டெய்ரிக் கடைக்குப் போய் அவருக்குப் பாலும் பேப்பரும் வாங்கிவந்தான், பிறகு பின்னேரங்களில் வெராந்தாவில் அவர் பக்கத்தில் போய் உட்காரப் பழகிக்கொண்டான். அங்கே மடியில் என்ன கிடக்கிறது என்று அவனுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. எப்படிச் சொல்வதென்று பயம். நானோ ஆபிஸுக்குப் போய்வந்த நாளுக்குப் பிறகு அந்த வெராந்தாப் பக்கம் கண்ணைத் திருப்புவதே இல்லை.

ஒருநாள் நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். தம்பி குசினிக்குள் வந்து நின்றான்.

"அக்கா, கொஞ்சம் புளி இருக்கோ?"

"ஏன்ரா?"

"முன்வீட்டு ஐயாவின்ர வாள் ஒண்டு கிடக்கு. கண்டவுடன எனக்குக் கை கால் விறைச்சுத்தான் போச்சு. ஆனால் பாவம் அந்த மனுசன், ஒவ்வொரு நாளும் துணியால தேய்ச்சுத் தேய்ச்சு மாயுது, ஒண்டும் போகுதில்லை. அதில ஒரு நண்டு இருக்கு, முழுக்கக் கறுத்துப்போச்சு. புளி போட்டு மினுக்கிக் குடுப்பமெண்டு பாக்கிறன்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "கறுத்துப்போச்சோ? நீ வடிவாப் பாத்தனியோ?"

"ஓம் அக்கா. கன்னங்கரேலெண்டு கிடக்கு."

புத்தகத்தில் வாசித்த அந்த வரி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் விம்மி விம்மி அழுதேன். இடையில் சிரிப்பும் வந்தது. அவன் பயந்துபோனான். பயப்படுவது எங்கள் குடும்பத்துக்கே வந்த வியாதி.

"என்னக்கா இது? ஒரு துண்டு புளிக்கோ உந்த அழுகை?" என்றான். "விடுங்கோ, புளி இல்லாட்டில் பரவாயில்லை. மரத்தில தேசிக்காய் கிடக்குத்தானே, அது இன்னும் நல்லா மினுக்கும்."

சொல்லிக்கொண்டே முற்றத்தில் இறங்கி மரத்தை நோக்கி நடந்தான். செருப்பும் போடாமல் நான் அவன் பின்னால் ஓடினேன்.